உங்கள் உலாவியை யார் தேர்ந்தெடுத்தது?



காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதுமே ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். கோயிலுக்கு வழி சொல்வார், செருப்பு விட இடம் காட்டுவார். "நெசவாளர் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்பார். போய்ச் சேர்கிற இடம் பல சமயம் ஒரு கடையாக இருக்கும். நீங்கள் எடுக்கும் புடவையில் அவருக்குக் கமிஷன் உண்டு. அவர் சொல்கிற தகவலில் பொய் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எந்தத் தெரு வழியாகப் போகிறோம், எந்த வாசலில் நிற்கிறோம் என்பதையெல்லாம் அந்தக் கமிஷன்தான் முடிவு செய்கிறது.

கைப்பேசியில் இணையத்தைத் திறக்கும்போதும் நம்மை ஒருவர் கூட்டிக்கொண்டு போகிறார். அதுதான் பிரவுசர், தமிழில் உலாவி. நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது கூகுளின் குரோம். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டுக்கு 2023ஆம் ஆண்டில் வந்த மொத்த வருவாய் ஏறத்தாழ 30,700 கோடி டாலர். அதில் 23,700 கோடி டாலருக்கு மேல் விளம்பரத்தில் வந்த பணம். விளம்பரம் விற்றுப் பிழைக்கும் நிறுவனமே நமக்கு உலாவியையும் செய்து தருகிறது. அந்த உலாவியில் விளம்பரத்தை எவ்வளவு தூரம் தடுக்கலாம் என்று விதி எழுதுவதும் அதே நிறுவனம்தான். இன்று நான் பேச வந்தது இதைப் பற்றி.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றுப் பக்கம் இருக்கிறது ஓரிக்கை. வெளியூர்க்காரர்களுக்கு அங்கே இருக்கும் மகா பெரியவர் மணிமண்டபம் தெரிந்திருக்கும். எங்களுக்கு அது தறிச் சத்தம் கேட்கிற ஊர். அங்கே ஒரு நெசவாளர் வீட்டில், தறியை விட்டு எழுந்த அந்த வீட்டு அம்மா அன்றைய வெள்ளி விலை பார்ப்பதற்காகக் கைப்பேசியை எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெள்ளியும் தங்கமும் ஏறினால் ஜரிகையும் ஏறும் என்பதால் அவர்களுக்கு அது அன்றாடக் கணக்கு. பக்கம் திறந்தது. தலைப்பு வந்தது, இரண்டு வரி செய்தி வந்தது. அதற்குக் கீழே ஒரு வீடியோ தானாக ஓட ஆரம்பித்தது. மூடுவதற்கான பெருக்கல் குறியை அவர் தேடி விரலை வைக்கப் போன நேரத்தில் பக்கம் ஒரு துள்ளு துள்ளிக் கீழே இறங்கியது. விரல் வேறெங்கோ பட்டது. திறந்துகொண்ட புதுப் பக்கத்தில் இருந்தது 'ஒரிஜினல் காஞ்சிபுரம் பட்டு, ஆயிரம் ரூபாய்க்கும் கீழே' என்ற விளம்பரம்.

ஒரு கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேலை செய்ய வேண்டும். ஒருவர் உடலை நெய்ய, இன்னொருவர் கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளித் தர வேண்டும். பத்துப் பதினைந்து நாள் உழைப்பு அது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பெயரை வைத்து விற்கப்படும் போலியை, அசலை நெய்கிறவரின் கைக்கே கொண்டுவந்து கொடுத்தது அந்த விளம்பரம். அது ஓடியதற்கான டேட்டாவும் அவர் காசில் போனது. விளம்பரத் தடுப்பு என்றால் ஏதோ கணினி படித்த பிள்ளைகளின் விவகாரம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, குரோமை அந்த அம்மா தேர்ந்தெடுத்தாரா? இல்லை, போனோடு வந்தது. போனில் பிளே ஸ்டோர் வேண்டும் என்று கேட்கிற தயாரிப்பாளர்கள் கூகுளின் தேடல், குரோம், யூடியூப் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. பிளே ஸ்டோர் இல்லாத ஆண்ட்ராய்டு போனை இந்தியாவில் யார் வாங்குவார்கள்? இதை எதிர்த்து இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தவர்கள் மூன்று தனிநபர்கள். ஆணையம் 2019இல் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2022 அக்டோபர் 20 அன்று தீர்ப்பு வந்தது. சந்தையில் தனக்கிருக்கும் ஆதிக்கத்தை கூகுள் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறது என்று சொல்லி 1,337 கோடியே 76 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். உலாவிச் சந்தையையும் அந்தத் தீர்ப்பு தனியாக எடுத்துப் பேசியது.

அபராதம் பெரிய செய்தியானது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. முன்னரே ஏற்றி வைத்த செயலிகளைப் பயனர் நீக்கிவிட முடிய வேண்டும் என்றும் ஆணையம் சொல்லியிருந்தது. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் ஆணையத்தின் பத்து உத்தரவுகளில் நான்கை ரத்து செய்துவிட்டது. நீக்கும் உரிமை அந்த நான்கில் ஒன்று. அதனால்தான் இன்றைக்கும் பல போன்களில் குரோமை முடக்கி வைக்க முடிகிறதே தவிர, முற்றாக எடுத்துப்போட முடிவதில்லை. என் பார்வையில் அது தவறான முடிவு. காசு கொடுத்து வாங்கிய போனில் எது இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை வாங்கியவருக்கு இருக்க வேண்டும்.

குரோம் மோசமான மென்பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. 2008 செப்டம்பரில் அது வந்தபோது பழைய உலாவிகளைவிட வேகமாக இருந்தது. அந்தப் பணியை முன்னெடுத்தவர்களில் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையும் ஒருவர். அதில் நமக்குப் பெருமை உண்டு. அதற்கு முன்னால் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கைக் கையில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் தூங்கியது. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் வந்துதான் அந்தத் தூக்கத்தைக் கலைத்தது. நம் நாட்டிலும் யூசி பிரவுசர் கைப்பேசிகளில் ஒரு கட்டத்தில் குரோமுக்கே சவாலாக நின்றது. 2020 ஜூன் 29 அன்று அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. அதன்பிறகு இங்கே குரோமுக்குச் சரியான போட்டியே இல்லை.

இப்போது விளம்பரத் தடுப்பான் விஷயத்துக்கு வருகிறேன். கனடாவைச் சேர்ந்த ரேமண்ட் ஹில் என்பவர் 2014இல் யூபிளாக் என்ற நீட்சியை எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் யூபிளாக் ஆரிஜின். உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள் அது. பக்கம் ஒன்றைத் திறக்கும்போது அந்தப் பக்கம் எங்கெங்கிருந்தெல்லாம் எதையெதை வரவழைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, விளம்பரத்தையும் வேவு பார்க்கும் நிரல்களையும் வாசலிலேயே நிறுத்திவிடும். ரேமண்ட் ஹில் இதற்கு நன்கொடைகூட வாங்குவதில்லை. குரோமில் மட்டும் மூன்று கோடிப் பேருக்கு மேல் இதை வைத்திருந்தார்கள்.

குரோம் நீட்சிகளுக்காக மேனிஃபெஸ்ட் வி3 என்ற புது விதித் தொகுப்பை 2018இல் கூகுள் அறிவித்தது. அதன்படி ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சி தானே பார்த்து நிறுத்த முடியாது. எதை நிறுத்த வேண்டும் என்ற பட்டியலை முன்கூட்டியே உலாவியிடம் கொடுத்துவிட வேண்டும், நிறுத்துகிற வேலையை உலாவி செய்யும். பட்டியலின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. 2024 ஜூனில் பழைய நீட்சிகளை நீக்கும் வேலை தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் முடிந்துவிட்டது. யூபிளாக் ஆரிஜின் குரோமில் வேலை செய்வது நின்றது. அதன் இடத்தில் 'லைட்' என்ற எளிய வடிவம் கிடைக்கிறது. சாதாரண விளம்பரங்களை அது நன்றாகவே நிறுத்துகிறது. முழு வடிவத்தின் வலு அதற்கு இல்லை.

பாதுகாப்புக்காகத்தான் செய்தோம் என்கிறது கூகுள். அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நீங்கள் பார்ப்பதையெல்லாம் பார்க்கக்கூடிய ஒரு நீட்சி கெட்டவர் கையில் கிடைத்தால் வங்கிக் கணக்கே போய்விடும், அப்படி நடந்தும் இருக்கிறது. ஆனால் கூகுளின் இன்னொரு வாக்குறுதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தளம் விட்டுத் தளம் நம்மைப் பின்தொடர்கிற மூன்றாம் தரப்புக் குக்கிகளை நிறுத்திவிடுவோம் என்று 2020 ஜனவரியில் சொன்னார்கள். ஃபயர்பாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும் அந்தக் காலத்திலேயே அவற்றைக் கட்டுப்படுத்திவிட்டன. கூகுள் தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பர வருமானத்தைத் தொடும் மாற்றம் நிற்கிறது, தடுப்பானைத் தொடும் மாற்றம் நடந்து முடிகிறது. இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

விளம்பரம் முழுக்கத் தீமை என்று சொல்பவனும் நான் இல்லை. தமிழில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் செய்தித் தளங்கள், சிற்றிதழ்கள், சமையல் குறிப்புப் பக்கங்கள் பலவற்றுக்கும் விளம்பரம்தான் சோறு. எல்லோரும் எல்லாவற்றையும் தடுத்தால் அவை மூடிவிடும். அதனால் தடுப்பான் வைத்திருப்பவர்கள், தங்களுக்குப் பிடித்த, நாகரிகமாக விளம்பரம் போடுகிற தளங்களுக்கு மட்டும் தடுப்பை நீக்கி வையுங்கள். ஒரு பொத்தானில் அதைச் செய்ய முடியும். முடிந்தால் சந்தா கட்டுங்கள்.

அப்படியானால் எந்த உலாவி? நம் மாநிலத்திலேயே ஒன்று இருக்கிறது. சென்னையில் தலைமையகம் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2023 மே மாதம் 'உலா' என்ற உலாவியை வெளியிட்டது. விளம்பரத் தடுப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. வேலைக்கு, வீட்டுக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனி அமைப்புகள் உண்டு. மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசான ஒரு கோடி ரூபாயை ஸோஹோ வென்றது. நம் ஊர் நிறுவனம் இதில் இறங்கியதை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். உலா, பிரேவ், மைக்ரோசாஃப்ட் எட்ஜ், ஓபரா எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் எழும்பியவை. அது திறந்த மூலம்தான், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் போக்கைப் பெருமளவில் தீர்மானிப்பது கூகுள். மைக்ரோசாஃப்டே 2020இல், பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் தன் சொந்த எஞ்சினை விட்டுவிட்டு இதற்கு மாறியது. இன்று உலகில் பெரிய அளவில் மிஞ்சியிருக்கும் எஞ்சின்கள் மூன்று: குரோமியத்துக்குள் இருக்கும் கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்பாக்ஸின் கெக்கோ. ஐபோனில் நம் நாட்டில் எந்த உலாவியை இறக்கினாலும் உள்ளே வெப்கிட்தான். ஆகவே ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் ஒருவருக்கு உண்மையான மாற்று ஃபயர்பாக்ஸ்தான். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. அதை நடத்தும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, தேடலில் முதலிடம் தருவதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஃபயர்பாக்ஸையே பரிந்துரைக்கிறேன். காரணம் ஓரிக்கை போன்ற ஊர்களில் இணையம் என்றால் கைப்பேசிதான். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சி எதையும் சேர்க்க முடியாது. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவமும் வேலை செய்கிறது. தமிழ் இடைமுகமும் இருக்கிறது. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் சொல் சொல்லாக உட்கார்ந்து மொழிபெயர்த்துத் தந்தது அது.

குரோமை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சில அரசுத் தளங்களும் வங்கித் தளங்களும் குரோமை மட்டுமே மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கின்றன, அவற்றுக்கு அது இருக்கட்டும். அன்றாடம் படிக்க, தேட, விலை பார்க்க வேறொன்றை வையுங்கள். பிளே ஸ்டோரில் ஃபயர்பாக்ஸை இறக்குங்கள், உலா பிடித்தால் உலாவை இறக்குங்கள். பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் டிஃபால்ட் ஆப்ஸ், அதற்குள் பிரவுசர் என்று போய் அதைத் தேர்ந்தெடுங்கள். ஃபயர்பாக்ஸ் என்றால் அதன் நீட்சிப் பட்டியலில் யூபிளாக் ஆரிஜின் என்ற பெயரைச் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதே மாதிரிப் பெயரில் போலிகள் உலவுகின்றன. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் போனிலும் இதை நீங்களே உட்கார்ந்து செய்து கொடுங்கள். அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படுகிறது.