ஒரு காலுக்கு நாலு பேர்

(பட்டினப்பாக்கம் கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்கு சேமிப்பு, கடன் பத்தி நான் பேசப் போறதில்லை. உங்க காலைப் பத்திப் பேசப் போறேன். சீனிவாசபுரத்திலிருந்து வந்திருக்கிற அக்காமார்கள் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. விடியறதுக்கு முன்னாடியே மீன் எடுக்கப் போய், ஈரத்துலயும் மணல்லயும் நின்னு பிழைக்கிறவங்க நீங்க. சுகர் அதிகமாகி பல வருஷம் ஆனால் பாதம் மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது.

நம்ம உறுப்பினர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. டாக்டர் மாத்திரை எழுதினார். கட்டுப் போட்ட நர்ஸ், காலை ஊன்றாதீங்க என்றார். இன்னொரு இடத்தில், சுகர் குறைய தினமும் நடங்க என்றார்கள். எதைக் கேட்பது? குழம்பிப்போய் கைவைத்தியம் பார்த்தாங்க. கட்டை விரல் போச்சு.

ஒவ்வொருவரும் அவரவர் படிப்புப்படி சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர் எல்லோரும் தனித்தனியாகப் படித்து வருகிறார்கள். படிக்கிற காலத்திலேயே சேர்ந்து, ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டும் என்று 2010-ல் உலக சுகாதார நிறுவனம் அறிக்கையே வெளியிட்டது.

அதற்கு முன்பே நம் நாட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள். நாக்பூர் டாக்டர் சரத் பெண்ட்சே, தான்சானியா டாக்டர் அப்பாஸ் போன்றவர்கள் 2004 வாக்கில் ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ என்ற பாதப் பராமரிப்புப் பயிற்சியைத் தொடங்கினார்கள். இதில் டாக்டரும் நர்ஸும் ஜோடியாக வந்து படிக்க வேண்டும்! நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பது, காய்ப்பைச் சீவுவது, செருப்பு தேர்ந்தெடுப்பது எல்லாம் இருவருக்கும் ஒரே பாடம். எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை இது. இருவரும் ஒரே பாடம் படித்திருந்தால், நோயாளியிடம் ஆளுக்கொன்று சொல்ல மாட்டார்கள் இல்லையா?

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்குப்படி, சுகர் உள்ள 100 பேரில் சுமார் 11 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆரம்பிச்சாங்க. வீட்டுக்கு மாத்திரை கொண்டு வருகிற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் யார்? நம்மைப் போல சுய உதவிக் குழுப் பெண்தான். கூடவே இயன்முறை மருத்துவர், நோய் ஆதரவுச் செவிலியர் என்று ஒரு குழு இருக்கிறது.

மாத்திரையை வாங்கிக்கிட்டு கதவைச் சாத்திடாதீங்க. பாதத்தைக் காட்டுங்க. நர்ஸ் என்ன சொன்னாங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, டாக்டர் சொன்னதை நர்ஸ்கிட்ட சொல்லுங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, “எதை செய்யட்டும்?”னு கேளுங்க. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு சுகர் உள்ளவங்க எல்லாச் சீட்டையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாங்க. தினமும் போடுற செருப்போடயே வாங்க, புதுசு வேண்டாம்.