உடை விதிக்கு ஒரு காரணம் வேண்டும்



நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வருகிறது. தேதி, நேரம், இடம் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. கடைசி வரியில் 'ஃபார்மல்ஸில் வரவும்' என்று இருக்கிறது. அலுவலகம் போய் வந்தவர்கள் இருக்கும் வீடாக இருந்தால் அதற்கு என்ன பொருள் என்று கேட்டுக்கொள்ளலாம். குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய பிள்ளை யாரிடம் கேட்கும்? கேட்டால் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்கும். கடன் வாங்கியாவது ஒரு கோட்டு எடுக்க வேண்டுமோ என்று கலங்கும். அந்தக் கலக்கம் தேவையில்லை. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உடை விதிகளைப் பற்றிப் பேசுகிறேன்.

எந்த உடை விதிக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் புரிந்துவிட்டால் விதியைப் பின்பற்றுவது எளிது. காரணம் சொல்ல முடியாத விதி என்றால், அதைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

முதல் காரணம் பாதுகாப்பு. நூற்பாலைக்குள் போனால் பெண்கள் சேலைக்கோ சுடிதாருக்கோ மேலே ஒரு கோட்டு போட்டு, தலைமுடியைத் தொப்பிக்குள் அடக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஓடுகிற இயந்திரத்தில் முந்தானையோ துப்பட்டாவோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதை அன்றைக்கே எழுதி வைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதித்துச் சரிசெய்யும் தொழிலாளி உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்றது. அந்த உடையை நிர்வாகமே தர வேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பகுதி முக்கியமானது. வேலைக்காக ஒரு உடை கட்டாயம் என்றால் அதன் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது.

மருத்துவமனையிலும் இப்படித்தான். மருத்துவர் என்றாலே நீளக் கை வைத்த வெள்ளைக் கோட்டு என்று நாம் பழகியிருக்கிறோம். ஆனால் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2007-இல், நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்களின் முழங்கைக்குக் கீழே துணியோ கைக்கடிகாரமோ இருக்கக்கூடாது என்று அறிவித்தது. சட்டைக் கை வழியாகக் கிருமி பரவக்கூடாது, கையை நன்றாகக் கழுவ முடிய வேண்டும் என்பதே நோக்கம். மரியாதைக்கு அடையாளமாக இருந்த கோட்டே, நோயாளியின் நலனுக்காக ஒதுங்கி நின்றது.

இரண்டாவது காரணம் அடையாளம். கூட்டம் நிறைந்த நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் யார் என்று நமக்கு உடனே தெரிகிறது. கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, மேலே அங்கி என்று இந்திய வழக்கறிஞர் மன்றம் விதி வகுத்திருக்கிறது. பலருக்கும் தெரியாத ஒரு செய்தி அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. கோட்டுக்குக் கீழே பேன்ட்தான் போட வேண்டும் என்பதில்லை, வேட்டியும் கட்டலாம். ஜீன்ஸ்தான் கூடாது. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற நீதிமன்றங்களில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயம் இல்லை. 2020-இல் கொரோனா பரவியபோது, காணொலி விசாரணைகளில் கோட்டும் அங்கியும் வேண்டாம், வெள்ளை உடையும் கழுத்துப் பட்டையும் போதும் என்று உச்ச நீதிமன்றமே தளர்த்தியது. சட்டத்தின் வாசலிலேயே உடை விதி காலத்துக்கும் வெயிலுக்கும் நோய்க்கும் இடம் கொடுக்கிறது என்றால், மற்ற அலுவலகங்கள் ஏன் விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்?

மூன்றாவது காரணம் மரியாதை. இது யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. துக்கம் விசாரிக்கப் போகும்போது யாரும் சரிகை மின்னும் பட்டுச் சேலையை எடுப்பதில்லை. கல்யாணத்துக்குப் போகும்போது யாரும் வீட்டில் கட்டிய பழஞ்சேலையோடு போவதில்லை. எதிரில் இருப்பவரின் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் நம் உடையால் மதிக்கிறோம். அலுவலகத்திலும் அப்படியே. தன் குறையைச் சொல்ல வெகு தொலைவிலிருந்து வரும் ஒரு மனிதருக்கு முன்னால், அரசு ஊழியர் சுத்தமாக, நேர்த்தியாக உட்கார்ந்திருப்பது அந்த மனிதருக்குத் தரும் மரியாதை. 2019-இல் தமிழ்நாடு அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு ஒரு ஆணை வெளியிட்டது. ஆண்கள் சட்டையும் ஃபார்மல் பேன்ட்டும் அணியலாம், அல்லது தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டி கட்டலாம் என்றது. பெண்களுக்குச் சேலை, அல்லது துப்பட்டாவோடு சல்வார், சுடிதார் என்றது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கான விதிகள் பல இடங்களில் வேலையை விட்டுவிட்டுப் பெண்ணின் உடம்பைக் கண்காணிக்கத் தொடங்கிவிடுகின்றன. பத்து மணி நேரம் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு உயரக் குதிகால் செருப்பு கட்டாயம் என்றால் அதில் பாதுகாப்பும் இல்லை, மரியாதையும் இல்லை. ஆணிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் கேட்கும் விதி, காரணம் இழந்த விதி.

காரணம் இழந்த விதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் ஊரே கண்டது. 2014 ஜூலையில், சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மனமகிழ் மன்றத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா. அதற்கு வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். வேட்டி கட்டியிருந்ததுதான் காரணம். வேட்டி கட்டிய தமிழருக்குத் தமிழ்நாட்டின் தலைநகரில் இடமில்லை! வெள்ளைக்காரர் காலத்து மன்றங்களின் பழக்கம் விடுதலைக்குப் பிறகும் வாசலில் காவல் நின்றது. எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ ஒழுங்காக அணிந்து வருபவரை, உடையை மட்டும் காரணம் காட்டிப் பொது இடத்தில் தடுக்கக்கூடாது. மனமகிழ் மன்றங்களும் இதில் அடங்கும். மீறினால் உரிமம் ரத்தாகலாம். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இதற்கு நேர் எதிரான காட்சியையும் பார்ப்போம். நோபல் பரிசளிப்பு விழாவின் உடை விதி உலகத்திலேயே மிகக் கண்டிப்பானவற்றில் ஒன்று. ஆண்கள் வால் வைத்த கறுப்புக் கோட்டும் வெள்ளை போ-டையும் அணிய வேண்டும். ஆனால் அவரவர் நாட்டு மரபு உடைக்கும் அங்கே இடம் உண்டு. 2019 டிசம்பரில் பொருளாதாரப் பரிசு வாங்க, இந்தியாவில் பிறந்த அபிஜித் பானர்ஜி வேட்டி கட்டிக்கொண்டுதான் மேடையேறினார். அவருடைய மனைவியும் அதே பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான, பிரான்சில் பிறந்த எஸ்தர் டுஃப்லோ சேலை கட்டியிருந்தார். சுவீடன் மன்னர் கையால் பரிசு வாங்கத் தகுந்த வேட்டி, வேறு எந்த வாசலுக்குத் தகாமல் போகும்? மரியாதைதான் நோக்கம் என்றால் அதைக் காட்ட ஒரே வழிதான் உண்டு என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜப்பானைப் பாருங்கள். அங்கே அலுவலகம் என்றாலே கோட்டும் டையும்தான் என்றிருந்தது. அந்த நாட்டு அரசு 2005 கோடையில் 'கூல் பிஸ்' என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வையுங்கள், கோட்டையும் டையையும் கழற்றுங்கள் என்றது. பிரதமரும் அமைச்சர்களுமே டை இல்லாமல் வந்து வழி காட்டினார்கள். மின்சாரம் மிச்சமாகும், உடம்புக்கும் இதம். மே மாதத்துச் சென்னையில், மதுரையில், வேலூரில் டை கட்டச் சொல்லும் நிர்வாகிகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, அழைப்பிதழ்களில் வரும் சொற்கள். 'ஃபார்மல்ஸ்' என்றால் ஆண்களுக்குக் கண்ணைப் பறிக்காத நிறத்தில் முழுக்கைச் சட்டை, அடர்ந்த நிறப் பேன்ட், இன் பண்ணிய சட்டை, பெல்ட், ஷூ. பெண்களுக்கு எளிமையான சேலை, சுடிதார், அல்லது பேன்ட்டும் சட்டையும். 'பிசினஸ் கேஷுவல்' என்றால் டையும் கோட்டும் வேண்டாம். காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத பேன்ட் போதும். 'லவுஞ்ச் சூட்' என்பது சாதாரணக் கோட்டு சூட். 'பிளாக் டை' என்பது இரவு விருந்துக்குரிய கறுப்புக் கோட்டும் போ-டையும். 'நேஷனல் டிரஸ்' என்று இருந்தால் நம் மரபு உடையில் தாராளமாகப் போகலாம். ப. சிதம்பரம் நிதியமைச்சராக நாடாளுமன்றத்தில் பட்ஜெட் படித்தது வேட்டி சட்டையில்தான்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளே, புதுத்துணி கட்டாயமில்லை. இருக்கும் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தூக்கி, மாடிப்படி ஏறிப் பாருங்கள். உடை இழுக்காமல், நழுவாமல் இருந்தால் உங்கள் கவனம் முழுவதும் பதிலில் இருக்கும். ஐயம் இருந்தால் அழைப்புக் கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசி, என்ன உடையில் வர வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது பொறுப்பின் அடையாளம்.

நிர்வாகிகளுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. உடை விதியை எல்லோருக்கும் புரியும் தமிழில் எழுதிக் கொடுங்கள். பக்கத்திலேயே அதன் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை என்றால் விதியை அடித்துவிடுங்கள். கடைசி ஆண்டு மாணவர்களுக்கு எதை அணிந்து போக வேண்டும் என்று வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு அது பெரிய உதவி. தகுதியுள்ள ஒரு பிள்ளையும் உடையை நினைத்து அஞ்சி வேலையை இழக்கக்கூடாது.