நெஞ்சில் கட்டிய நீர்

முற்றிய புற்றுநோய்க்காரருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கட்டி மூச்சுத் திணறும்போது, "நீரை எடுத்தால் உயிரும் கூடவே போய்விடும்" என்று தடுக்கிறவர்கள் உண்டு. உயிர் என்ன, அந்த நீரிலா மிதக்கிறது? நுரையீரலை மூடிய சவ்வுக்கும் மார்புச் சுவரின் உட்சவ்வுக்கும் இடையில் தேங்கும் நீரே நுரையீரலை விரியவொட்டாமல் அமுக்குகிறது. வைத்தியர்கள் அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்து, மரத்துப்போக மருந்திட்டு, விலா எலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி, ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 1.5 லிட்டருக்கு மேற்படாமல் மெதுவாக எடுக்கிறார்கள். அநேகருக்கு மூச்சு இலேசாகிறது. மறுபடி ஊறினால், டால்க் தூளைச் செலுத்திச் சவ்வுகளை ஒட்ட வைக்கலாம். அல்லது மெல்லிய குழாய் வைத்து வீட்டிலேயே வடிக்கலாம். இதனால் புற்றுநோய் தீராது என்பது உண்மையே. ஆனால் நோய் தீராது என்பதற்காக, தணிக்கக்கூடிய திணறலையும் விதியென்று விட்டுவிடுவது எந்த நியாயம்? சாகிற நாள் வரையில் மனிதனுக்கு மூச்சு வேண்டாமா? யோசித்துப் பாருங்கள்!