மேப்பில் நம்ம நகர் எங்கே இருக்கிறது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாடகை வேன் ஓட்டிவரும் நம் உறுப்பினர் ஒருவர் பேசியது. கூடுமானவரை அவருடைய பேச்சு நடையிலேயே தருகிறோம்.)

எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேசச் சொன்னால் மதுரை வரைக்கும் நிறுத்தாமல் பேசுவேன். செயலாளர் சார்தான், "வழி காட்டுகிற மேப் பற்றி உங்க அனுபவத்தைச் சொல்லுங்க, கடைசியில் அந்த விஷயத்தையும் சொல்லுங்க" என்றார். அந்த விஷயம் என்ன என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வண்டி ஓட்ட வந்த காலத்தில் மேப் என்றால் டீக்கடைதான். வண்டியை ஓரம்கட்டி, "அண்ணாச்சி, இந்த ஊருக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்க வேண்டியது. அதிலும் சங்கடம் உண்டு. நம்ம பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "இப்படியே நேரா போங்க" என்றுதான் சொல்வார்கள். நேராக என்றால் நூறடியும் இருக்கலாம், பத்துக் கிலோமீட்டரும் இருக்கலாம். தெரியாது என்று சொல்ல மனசு வராமல் தப்பான வழியைப் பாசத்தோடு சொல்லி அனுப்புகிறவர்களும் உண்டு. அதனால் பழைய காலம்தான் பொற்காலம் என்று நான் சொல்லப்போவதில்லை.

2011 வாக்கில் நான் ஓட்டிய வண்டியின் முதலாளி ஒரு ஜி.பி.எஸ். கருவி வாங்கிக் கொடுத்தார். கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற மாதிரி அடியில் ரப்பர் இருக்கும். அதில் ஒரு அம்மா இங்கிலீஷில் பேசுவார். கழுகுமலையை அவர் சொல்கிற அழகைக் கேட்டால் அந்த முருகனே இறங்கி வந்து திருத்திவிடுவார். அது அவர் குற்றமும் இல்லை, நம்ம ஊர்ப் பெயர்களை இங்கிலீஷில் எழுதியிருக்கிற லட்சணம் அப்படி. 2020 ஜூனில் அரசு 1018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி உத்தரவு போட்டது. எழுத்தைப் பற்றிப் பலரும் பல மாதிரி பேச, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கருவிக்குள் இருந்த வரைபடம் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே கிடக்கும். புதுச் சாலை வந்தால் அதற்குத் தெரியாது. புதிதாகப் போட்ட பைபாஸில் நான் நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பேன். திரையில் என் வண்டி வயல்காட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும். அந்த அம்மா விடாமல் "திரும்பு, திரும்பு" என்பார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "அந்தப் புள்ளைய ஏன் இப்படி அழ விடுத? ஒரு தடவ திரும்பித்தான் பாரேன்" என்றார்.

பிறகு எல்லாம் போனிலேயே வந்துவிட்டது. வரைபடம் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது, தமிழிலும் பேசுகிறது. நான் அதை நம்பித்தான் தொழில் செய்கிறேன். ஆனால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆனது.

கல்லூரியில் படிக்கிற என் மகன் ஒருநாள் விளக்கினான். வானத்தில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. குறைந்தது 24 எப்போதும் வேலையில் இருக்கும். அவை நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நம் போன் அதைக் கேட்கிறது, பதில் எதுவும் அனுப்புவதில்லை. நான்கு கோள்களின் சிக்னல் கிடைத்தால் நாம் நிற்கிற இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்ததாம், நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டுமாம். இப்போது திறந்த வெளியில் நாலைந்து மீட்டருக்குள் காட்டுகிறது. நம்ம இஸ்ரோவும் நாவிக் என்று சொந்தமாக ஒன்று செய்து, அதன் முதல் கோளை 2013 ஜூலை 1-ஆம் தேதி அனுப்பியது.

எனக்கு இதில் புரிந்தது ஒன்றுதான். கோள் சொல்வது "நீ இங்கே நிற்கிறாய்" என்பதை மட்டும். அது அநேகமாகச் சரியாகவே இருக்கும். பக்கத்தில் ரோடு இருக்கிறதா, பாலம் இருக்கிறதா, அது தாங்குமா என்பதெல்லாம் வரைபடம் சொல்வது. வரைபடம் மனுஷன் போட்டது. தப்பு வருகிற இடம் அதுதான்.

என் கதை ஒன்று. ஐப்பசி மாதம், கழுகுமலை கோவிலுக்குப் போய்விட்டு ஒரு குடும்பத்தோடு திரும்பி வருகிறேன். மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் ஆறு நிமிஷம் மிச்சம் என்று போன் காட்டியது. இறங்கிவிட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தி, "ஏ தம்பி, இது வண்டிப்பாதைல்லா? மழைக்குப் பொறவு இதுல மாடே போகாது" என்றார். நான் போனைக் காட்டி, "இதுல ரோடுன்னு போட்டிருக்கு அண்ணாச்சி" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஆடுகளை ஒதுக்கி எனக்கு வழிவிட்டார்.

கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நூறடி போவதற்குள் டயரில் மண் அப்பி, மட்கார்டு வரை ஏறி, சக்கரம் சுற்றுவது நின்றுவிட்டது. கைக்குழந்தையோடு அந்தம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்தார். டிராக்டர் கொண்டுவந்து இழுக்க மூன்று மணி நேரம். டிராக்டருக்குச் சொல்லிவிட்டது அந்த ஆட்டுக்காரப் பெரியவர்தான். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. இன்றைக்கும் அவர் முகம் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று ஊர்ப் பெயர். நம்ம தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம் இருக்கிறது, தெற்கே. விருதுநகர் மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் இருக்கிறது, வடகிழக்கே, சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர். எனக்குத் தெரிந்த ஒரு டிரைவர் தம்பி மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு, போனில் வந்த முதல் ஆலங்குளத்தை அமுக்கிவிட்டான். பெண் வீடு இருந்தது தெற்கு ஆலங்குளத்தில். சிமெண்ட் ஆலை கண்ணில் பட்ட பிறகுதான் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நல்லவேளை, அது நிச்சயதார்த்தம்தான். முகூர்த்தமாக இருந்திருந்தால் அந்தத் தம்பியின் கதி என்ன!

ஆடித்தபசு நாளில் மேப்பைப் பார்த்து நம்ம ஊருக்குள் வருகிறவர்கள் படுகிற பாட்டைப் பார்த்திருப்பீர்கள். போலீஸ் எந்த ரோட்டை மறித்திருக்கிறது என்பது அதற்கு உடனே தெரியாது. நூறு போன் ஓரிடத்தில் மெதுவாக நகர்ந்தால் அங்கே நெரிசல் என்று சிவப்புக் காட்டும். அவ்வளவுதான் அதன் கணக்கு. 2020-ல் ஜெர்மனியில், பெர்லினில், ஒரு கலைஞர் 99 போன்களை ஒரு சின்னக் கைவண்டியில் போட்டுக் காலி ரோட்டில் இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்த ரோடு சிவப்பாகிவிட்டது.

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். எல்லாம் அப்படி இல்லை. 2024 ஜனவரியில் நம்ம கூடலூரில், மேப் காட்டிய வழியில் வந்த ஒரு பெரிய கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 2023 அக்டோபர் 1-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு கேரளாவில், எர்ணாகுளம் மாவட்டம் கோதுருத்தில், கொட்டும் மழையில் போன ஒரு கார் நேராக ஆற்றுக்குள் போனது. இரண்டு இளம் டாக்டர்கள் இறந்துபோனார்கள். திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்விட்டதாகச் சொன்னார்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், பரேலி பக்கம், ராமகங்கை ஆற்றுப் பாலத்தில் ஏறிய கார், பாலம் பாதியில் முடிந்த இடத்திலிருந்து கீழே விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி முன்பே அடித்துப்போயிருந்தது. மேப்பில் அது முழுப் பாலம். போலீஸ் வழக்குப் போட்டபோது பொதுப்பணித் துறைப் பொறியாளர்களையும் சேர்த்தது, மேப் நிறுவனத்தின் அதிகாரி ஒருவரையும் சேர்த்தது. மேப்பை மட்டும் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உடைந்த பாலத்தின் வாயில் நான்கு கல்லை அடுக்கி ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தால் அந்த மூன்று பேரும் திரும்பியிருப்பார்கள். அந்தக் காலத்தில் கிராமத்தில் ரோடு அரித்துப்போனால் முதலில் வருகிறவன் ஒரு முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டுத்தான் போவான்.

சரி, அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன கார்த்திகையில் நான் சபரிமலை வண்டிக்குப் போயிருந்தேன். இரவு ஏழு மணி இருக்கும். ஆரியங்காவு தாண்டித் தென்மலை வளைவுகளில் போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து போன். "அத்தைக்கு வாய் ஒரு பக்கமாக் கோணுது, பேச்சு குழறுது, இடது கை தூக்க வரல" என்றாள் என் மனைவி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, லொக்கேஷன் கேட்டார்கள், நம்ம நகர் பெயரைச் சொன்னேன் என்றாள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் உண்டு. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனாலும் வயிறு கலங்கியது.

இருபது நிமிஷம் கழித்து இன்னொரு போன். ஆம்புலன்ஸ் டிரைவர் தம்பி. "அண்ணே, உங்க நகருக்கு வந்துட்டேன், இங்க ஒரு கல்யாண மண்டபம்தான் இருக்கு, வீடு ஒண்ணும் இல்லையே" என்றார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்! நான் வண்டியை ஓரம்கட்டி, பழைய டீக்கடைக்காரர் மாதிரி வழி சொல்ல ஆரம்பித்தேன். "திரும்பி வாங்க தம்பி, கேட்டைத் தாண்டுங்க, பவர்லூம் செட்டு வரும், அதை விட்டு ரெண்டாவது திருப்பம், தண்ணி டேங்க்..." அதோடு சிக்னல் போய்விட்டது. அங்கே கேட் அடைத்துவிட்டார்கள். ரயில் போய்த் திறந்து, நம்ம நகருக்குள் வந்து, தெருப் பெயர்ப் பலகை இல்லாமல் இரண்டு தெரு சுற்றி, கடைசியில் நம்ம ஐந்தாம் தெருப் பையன் ஒருவன் பைக்கில் முன்னால் போய்க் கூட்டிவந்திருக்கிறான். நாற்பது நிமிஷம் போய்விட்டது.

ஊர் ஊராக ஆட்களை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் நான். என் வீட்டுக்கு வழி தெரியாமல் ஒரு வண்டி சுற்றியிருக்கிறது.

அம்மாவைத் திருநெல்வேலி கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஊசிக்கான நேரத்துக்குள்தான் போனார்கள். பேச்சு வந்துவிட்டது. இடது கை இன்னும் சரியாக வரவில்லை, டம்ளர் பிடிக்க முடியாது. அந்த நாற்பது நிமிஷத்தால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் நேராகப் பதில் சொல்லவில்லை.

அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. கோள் சரியாகத்தான் சொன்னது, போனும் சரியாகத்தான் கொண்டுபோனது. நம்ம நகர் என்று மேப்பில் குத்தியிருக்கிற புள்ளி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதைக் குத்தியது யார் என்று தேடிப்பார்த்தேன். நாம்தான். சில வருஷம் முன்பு நம் சங்கத்தின் ஆண்டு விழாவை அந்த மண்டபத்தில் வைத்தோம். வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மண்டபத்தின் இடத்தை நம்ம நகர் பெயரிலேயே மேப்பில் ஏற்றி, எல்லாருக்கும் அனுப்பினோம். விழா முடிந்தது, புள்ளி அங்கேயே கிடக்கிறது. யார் ஏற்றினார் என்பது முக்கியமில்லை. எனக்கும்தான் அந்த அழைப்பு வந்தது, நானும்தான் அதைப் பார்த்து மண்டபத்துக்குப் போனேன். நானும் கவனிக்கவில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். மேப்பில் தப்பான இடத்தைத் திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒருவர் அனுப்பினால் கிடப்பில் கிடக்கும், பலர் அனுப்பினால் சீக்கிரம் நடக்கும் என்பது என் அனுபவம். தெருப் பெயர்கள், மூடிக்கிடக்கிற வடக்கு வாசல், கேட் இருக்கிற பக்கம் எல்லாவற்றையும் சேர்க்கவேண்டும்.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வாசலில் நின்று, போன் மேப்பில் நீங்கள் நிற்கிற இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் வரும். நம்ம ஊருக்கு 9.17, 77.54 என்று ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் வரை எழுதினால் பதினோரு மீட்டர் கணக்குக்கு வந்துவிடும். ஐந்து எழுதினால் உங்கள் வாசல்படி. அதைக் கொட்டை எழுத்தில் எழுதி வீட்டுக்குள் சுவிட்ச் போர்டு பக்கத்தில் ஒட்டுங்கள். எந்த மேப்பில் போட்டாலும் அது வேலை செய்யும். அஞ்சல் துறை 2025-ல் டிஜிபின் என்று பத்து எழுத்து முகவரி கொண்டுவந்திருக்கிறது, நான்கு மீட்டர் கட்டத்துக்கு ஒன்று. அதையும் கீழே எழுதிக்கொள்ளலாம். ஆனால் இரவில் வருகிற டிரைவருக்கு அது பழக்கமாக இன்னும் நாளாகும், அதனால் எண் முதலில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் இடம் அனுப்புகிறபோது வீட்டில் இருக்கிறவர் போனிலிருந்து அனுப்புங்கள். ஆபீசில் இருக்கிற மகன் பதற்றத்தில் அனுப்பினால் ஆம்புலன்ஸ் அவர் ஆபீசுக்குப் போகும்.

வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கு ஒன்று. போனை ஸ்டாண்டில் வைத்து வழி பார்ப்பதற்கு மட்டும்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. அதுவும் கவனம் சிதறாதபடி. 2020 அக்டோபரிலிருந்து விதி அப்படித்தான். சித்திரை வெயிலில் டேஷ்போர்டில் வைத்தால் போன் சூடாகி நடுவழியில் அணைந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் டேங்க் பக்கத்தில் கூடுவோம். தெருவுக்கு இரண்டு பேர், போனில் சார்ஜோடு வாருங்கள். நடந்தே எல்லாத் தெருவையும் குறித்துவிடலாம், ஒன்றரை மணி நேர வேலை. முதல் நான்கு தெருவுக்கும் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆறாம் தெருவில் பெரியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள், அந்தத் தெருவுக்கு ஆள் வேண்டும். ஐந்தாம் தெருத் தம்பி, அன்றைக்கு பைக்கில் வந்தவன், பின்னால் நிற்கிறான். ஏ தம்பி, ஆறாவதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாயா? தலையாட்டுகிறான். எழுதிக்கொள்ளுங்கள் சார்.