சல்லடையில் இருக்கிறது சூட்சுமம்



தாராபுரம் பக்கம் எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டில், முழுப் பரீட்சை லீவு விட்ட முதல் வாரத்தில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். மொட்டை மாடியில் பாய் விரித்து, அதன்மேல் பழைய வேட்டியைப் பரப்பி, ஒரு பக்கம் பச்சைப்பயறு, இன்னொரு பக்கம் சீயக்காய், நடுவில் கஸ்தூரி மஞ்சள் என்று காயப்போடுவார்கள். காக்கை விரட்டுவது பேரப்பிள்ளைகள் பொறுப்பு. நாலைந்து வெயில் பட்ட பிறகு, அமுச்சி ஒரு கை சீயக்காயை அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்குவார். உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். "சத்தங் கேட்டாத்தான் சாமி, மிஷினுக்குக் கொண்டு போகோணும்" என்பார்.

அப்படி வீட்டிலேயே செய்துகொள்ளும் குளியல் பொடியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். உடம்புக்கு நலங்கு மாவு, தலைக்குச் சீயக்காயும் அரப்பும். இதையே இன்று ஸ்க்ரப் என்ற பெயரில் சின்னச் சின்ன டப்பாக்களில் விற்கிறார்கள். இதைச் சமையல் குறிப்பு போல எழுதிவைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சங்கீதத்தைப் போல, கோலத்தைப் போல இதுவும் கைப்பழக்கத்தில் வருகிற ஒரு கலை என்பது என் எண்ணம். அதில் எது உயர்ந்தது, எது போலி, எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லப் பார்க்கிறேன்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மாதவி நீராடுகிற இடத்தில், துவர்ப்புச் சரக்கு பத்து, மணப்பொருள் ஐந்து, ஓமாலிகை என்னும் வாசனைச் சரக்கு முப்பத்திரண்டு என இத்தனையும் ஊறிய நீரில் அவள் கூந்தலை அலசி, பிறகு புகையூட்டி உலர்த்துவதாக இளங்கோவடிகள் சொல்கிறார். கணக்கு எவ்வளவு கறாராக இருக்கிறது பாருங்கள். எது எத்தனை என்று தெரிந்து சேர்ப்பவர்கள் அன்றைக்கே இருந்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் நலங்கு வைக்கும்போது மணமக்களுக்குப் பூசுகிற மாவும், தீபாவளி விடியலில் எண்ணெய் போகத் தேய்க்கிற சீயக்காயும் அந்த வழியில் வந்தவைதான்.

சரி, இந்தப் பொடி செய்கிற வேலைதான் என்ன? நம் தோலின் மேல்பரப்பில் இருப்பது உயிர் நீங்கிய செல்களின் அடுக்கு. அடியிலிருந்து புதிய செல் மேலே வந்துகொண்டே இருக்கிறது. இளவயதில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேல்தோல் புதுப்பிக்கப்பட்டுவிடும். வயதானால் இன்னும் கொஞ்சம் நாளாகும். பழைய செல்கள் தாமாகவே உதிரும். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அவற்றை ஒட்டவைத்துக்கொள்ளும்போதுதான் தோல் மங்கிச் சொரசொரப்பாகிறது. பயறு மாவு அந்தப் பிசுக்கை உறிஞ்சிக்கொண்டு, உதிரத் தயாராக இருப்பதை மெல்ல வழித்துக்கொண்டு வருகிறது. உதிரத் தயாராக இல்லாததை அது தொடக் கூடாது. இந்தக் கலையின் தர்மம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரோடு போகும். அதனால்தான் நல்லெண்ணெய் சொட்டச் சொட்டத் தேய்த்த தலையும் இரண்டு கை சீயக்காயில் விட்டுவிடுகிறது. சாதாரணக் கட்டிச் சோப்பின் காரத்தன்மை பி.எச். கணக்கில் 9, 10 வரை போகும். நம் தோல் 5-ஐ ஒட்டி, லேசான அமிலத்தன்மையோடு இருக்கிறது. சீயக்காய்க் கரைசலும் அமிலப் பக்கம்தான். தோலின் போக்குக்கு அது அனுசரணையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எங்கள் வீட்டு நலங்கு மாவின் அளவைச் சொல்கிறேன். பச்சைப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, பன்னீர் ரோஜா இதழ் இவை ஒவ்வொன்றும் ஐம்பது கிராம், வெட்டிவேர் இருபத்தைந்து கிராம். எல்லாம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பயறு, பருப்பு, கிழங்கு வகைகளை நல்ல வெயிலில் காயவைக்கலாம். பூக்களை நிழலில் உலர்த்துங்கள், வெயில் பட்டால் வாசமும் நிறமும் போய்விடும். பூலாங்கிழங்கையும் மஞ்சளையும் உரலில் தட்டி உடைத்துக்கொள்ள வேண்டும். வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் அரை விரற்கடைக்கு நறுக்கிப் போட வேண்டும். முழுசாகப் போட்டால் நார் சுற்றிக்கொண்டு மிஷின்காரரிடம் திட்டு வாங்க வேண்டிவரும்.

கஸ்தூரி மஞ்சள் வாங்கும்போது கவனம் தேவை. உண்மையான கஸ்தூரி மஞ்சளின் பொடி வெளிறிய நிறத்தில், கற்பூர வாடை கலந்த மணத்தோடு இருக்கும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் பொடியாகத் தந்தால் அது சமையல் மஞ்சளாகவோ சாயம் கலந்ததாகவோ இருக்கலாம். அதனால் எப்போதும் கிழங்காகவே வாங்குங்கள்.

தலைக்கு, ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, கால் கிலோ வெந்தயம், நூறு கிராம் பூந்திக்கொட்டைத் தோல், ஒரு கைப்பிடி காய்ந்த செம்பருத்தி இலை. கொங்குப் பக்கத்தில் அரப்பு இல்லாத வீடு அன்றைக்குக் கிடையாது. உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்தால் அதுதான் அரப்பு. சோறு வடித்த கஞ்சியில் அதைக் கரைத்தால் கொழகொழவென்று வரும். கஞ்சியின் பசை, பொடிக்கும் தலைக்கும் நடுவில் ஒரு வழுக்கலைக் கொடுத்து, முடி சிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

இதுவரை சொன்னதை யாரும் எழுதிவைத்துக்கொள்ளலாம். கலை என்று நான் சொன்னது இதற்குப் பிறகு தொடங்குகிறது.

மிஷினிலிருந்து சூட்டோடு வந்த மாவை அமுச்சி உடனே டப்பாவில் போடமாட்டார். செய்தித்தாளில் பரப்பி ஆறவிடுவார். ஆறியதும் முதலில் ஜலிப்பது மாவுச் சல்லடையில். அதில் இறங்கியதை மறுபடியும் எடுத்து, வாய் அகன்ற குண்டாவின் மேல் மெல்லிய மல் துணியை இழுத்துக் கட்டி, கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு உள்ளங்கையால் மெதுவாகச் சுற்றித் தடவுவார். வைத்தியர்கள் இதை வஸ்திரகாயம் என்பார்கள். துணிக்குக் கீழே புகை இறங்குவதுபோல மாவு இறங்கும். ஒரு படி மாவுக்கு ஒரு மத்தியான நேரம் முழுக்கப் போய்விடும். முடிவில் மூன்று ஜாடிகள் நிற்கும். துணியில் இறங்கிய மாவு முகத்துக்கு. துணிமேல் நின்றது கை, கால், முதுகுக்கு. சல்லடையிலேயே தங்கிவிட்ட கப்பி குதிகாலுக்கும் முழங்கைக்கும். ஒரே சரக்கு, ஒரே அரவை. எந்தத் தோல் எவ்வளவு தாங்கும் என்பதை அந்தத் துணி பிரித்துக் கொடுத்துவிடும்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பத்து வயதில் ஒரு நாள், சீக்கிரம் வெள்ளையாகிவிடலாம் என்று கப்பியை எடுத்து முகத்தில் போட்டுக் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருந்தேன். அமுச்சி பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினார். "மூஞ்சி என்ன கண்ணு பித்தளைக் குண்டாவா, புளி போட்டு வெளக்கறதுக்கு?" அன்றைக்கு அழுகை வந்தது. இன்று ஸ்க்ரப் செய்கிற எல்லோருக்கும் முதல் பாடமாக அதைத்தான் சொல்வேன்.

ஏன் என்றால், நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் ஒரு குணம் உண்டு. காயம் பட்டாலோ புண் வந்தாலோ ஆறின இடம் கறுத்துப் போகும். வெளுக்க வேண்டும் என்று அழுத்தித் தேய்த்தவர்கள் முகத்தில் கறுப்புத் திட்டோடு நிற்பது இதனால்தான். நலங்கு மாவு யாரையும் சிவப்பாக்காது. அப்படிச் சொல்லி விற்றால் அது பொய். சுத்தமான தோல் தன் சொந்த நிறத்திலேயே மினுமினுக்கும். மாவு தருவது அந்த மினுமினுப்பை மட்டும்தான். நமக்கு அது போதும்.

இன்னொரு தவற்றையும் நானே செய்திருக்கிறேன். கல்லூரி நாளில் சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து கழுத்தில் தேய்த்துக்கொண்டு, சரியாகக் கழுவாமல் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றேன். இரண்டு நாளில் கொப்புளம், அதன் பிறகு பல மாதம் போகாத தழும்பு. எலுமிச்சை, நாரத்தை வகைகளின் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சூட்டுக்காயம் போலவே ஆகிவிடும். நலங்கு மாவில் சிலர் சேர்க்கும் கார்போக அரிசிக்கும் வெயிலோடு அதே வம்பு உண்டு. வைத்தியர் சொல்லாமல் அதைச் சேர்க்காதீர்கள். சமையல் சோடாவைப் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், அது காரம். வால்நட் ஓட்டுத் தூளும் உப்புக்கல்லும் விளிம்பு கூரானவை, முகத்துக்கு ஆகாது.

பயன்படுத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தோலை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். மாவைத் தண்ணீரிலோ மோரிலோ பன்னீரிலோ தளரக் குழைத்து, விரல் நுனியால் பூசி, வட்டமாக ஒரு நிமிடம் தடவிக் கழுவினால் போதும். காய்ந்து இறுகும் வரை விட்டுப் பிறகு உரித்தெடுக்காதீர்கள். முகத்துக்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு தடவை. கப்பியைக் குதிகாலுக்கு, ஊறவைத்த பீர்க்கங்காய் நாரோடு சேர்த்துத் தேய்க்கலாம். முடிந்ததும் ஈரம் காயுமுன் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். சீழ் கோத்த பருவும், கரப்பானும், வெட்டுக்காயமும் இருக்கிற இடத்தில் எந்தப் பொடியும் வேண்டாம். பச்சைக் குழந்தையின் தோலுக்கும் வேண்டாம், அது மிகவும் மெல்லியது. புதுச் சரக்கை முதலில் முழங்கையின் உட்புறம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

தலையில் நகம் படக் கூடாது, விரலின் சதைப்பகுதிதான் வேலை செய்ய வேண்டும். சீயக்காய்ப் பொடியை நேரே தலையில் கொட்டாதீர்கள். அரை மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து ஊற்றினால் திப்பி மண்டையில் உராயாது, கண்ணை மூடிக்கொள்வது உங்கள் சமர்த்து. பொடுகை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டுகிறவர்கள் நிறையப் பேர். பொடுகுக்குப் பெரும்பாலும் காரணம், நம் எல்லோர் தலையிலும் வாழ்கிற மலசீசியா என்ற பூஞ்சை. சுரண்டினால் புண்ணாகும், பூஞ்சை போகாது. வெந்தயம் ஊறவைத்து அரைத்த விழுது அரிப்பைக் கொஞ்சம் தணிக்கலாம். அதற்கு மேலும் செதில் செதிலாக உதிர்ந்தால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். எதை நம்மால் செய்ய முடியாது என்று தெரிந்திருப்பதும் கைத்திறமையில் சேர்த்திதான்.

பொடி ஈரம் படாமல் இருந்தால் ஆறு மாதம் கெடாது. ஈரக்கை பட்டால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். குழைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை எடுத்து வைக்கக் கூடாது.

இந்தப் பழக்கம் எப்படிக் கைவிட்டுப் போனது? சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்கும் யோசனையைப் பிரபலமாக்கியவர் நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய பிள்ளைகள் 1980களில் ஷாம்பூ சாஷேயை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டில் மட்டும் இருந்த ஒன்று, கூலிக்குப் போகிற பெண்ணுக்கும் சில்லறைக் காசில் கிடைத்தது. அதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். விடியலில் வேலைக்கு ஓடுகிறவளுக்கு நாலு நாள் காயவைத்து, ஒரு மத்தியானம் ஜலிக்க நேரம் ஏது? ஆனால் அதே வழியில் பிறகு வந்தவற்றில் முகம் தேய்க்கும் பிளாஸ்டிக் மணிகளும் உண்டு. அவை சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. கழுவி விடும் பொருள்களில் அவற்றைச் சேர்ப்பதை நிறுத்த அமெரிக்காவில் 2015-ல் சட்டம் வந்தது, பிரிட்டன் 2018-ல் தடை செய்தது. அமுச்சி வீட்டில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வெட்டி வாழைக்குத்தான் போனது. வாழை நன்றாகவே குலை தள்ளியது.

எல்லோரும் வருடம் முழுவதும் இதைச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் நாலு பேர் சேர்ந்து, வருடத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு படி செய்து பாருங்கள். மிக்ஸியில் அரைத்தாலும் குற்றமில்லை. ஆனால் ஜலிக்கிற வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அமுச்சியின் குண்டா இப்போது என்னிடம் இருக்கிறது. போன கோடையில் என் மகள் அதன்மேல் துணியைக் கட்டி உட்கார்ந்தாள். அவசரத்தில் அழுத்தித் தேய்த்தாள், துணி நடுவில் கிழிந்து கப்பியும் மாவும் ஒன்றாய்ப் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. புதுத் துணி கட்டிக்கொடுத்தேன். இரண்டாம் தடவை அவள் கை தானாகவே இலகுவாகிவிட்டது. அந்தக் கை இனி யார் முகத்தைத் தொட்டாலும் நோகாமல்தான் தொடும்.