பந்தாட்ட ஜோசியம்



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்கர்களுடைய பந்தாட்டம். இதைக் கேட்டுச் சில தோழர்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் "ஜோசியமும் குறியும் படிப்பில்லாத தேசத்துச் சரக்கு, சந்திரனுக்கு ஆள் அனுப்பின தேசத்தில் அதெல்லாம் விலை போகாது" என்று சொல்லித் திரிகிற படிப்பாளிகள் இருக்கிறார்களே, அவர்களுக்காகவாவது இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஆட்டம் இன்னதென்று தெரிந்துகொள்ளுங்கள். பந்து உருண்டையல்ல, இரு முனையும் கூரானது. தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று எவனாலும் சொல்ல முடியாது. பக்கத்துக்கு 11 பேர். பெயர் கால் பந்து என்றாலும் பெரும்பாலும் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும், எறிவதும், எதிரியை முட்டித் தள்ளுவதும்தான். 32 குழுக்கள் இரண்டு பிரிவாக ஆடி, பிரிவுக்கு ஒன்றாக மிஞ்சும் இரண்டு குழுக்கள் கடைசியில் ஒரே ஒரு ஆட்டம் ஆடுகின்றன. அதற்கு சூப்பர் பவுல் என்று பெயர். 1967ல் ஆரம்பித்தது.

இந்த ஒரு ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்லுவதற்குத்தான் அங்கே அத்தனை ஆர்ப்பாட்டம். ஆட்டத்தின் முடிவில் கடவுளுக்குக் கை உண்டு என்று நம்புகிறவர்கள் அந்தத் தேசத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் என்று 2013ல் எடுத்த கணக்கு சொல்லுகிறது. இரண்டு குழுவிலும் ஜெபம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இருவரும் வேண்டுவது ஒரே ஆண்டவனைத்தான். அவர் யார் மனுவைத் தள்ளுவது என்று எப்படித் தீர்மானிக்கிறாரோ, பாதிரிமார்களைத்தான் கேட்க வேண்டும்.

நிற்க. சால்ட் லேக் நகரத்து மிருகக் காட்சிசாலையில் ஈலை என்று ஒரு ஒராங் உட்டான் குரங்கு இருந்தது. 2008 முதல் 2014 வரையில் ஏழு வருஷம் அது தேர்ந்தெடுத்த குழுவே ஜெயித்தது. குரங்குக்கு ஞானம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. கணக்குப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏழு தடவையும் சரியாகச் சொல்ல 128ல் ஒரு வாய்ப்பு உண்டு. ஊருக்கு ஊர் கரடியையும் ஆமையையும் பன்றியையும் கேட்டுக்கொண்டிருந்தால் அவற்றில் ஏதாவதொன்று ஞானியாகத்தானே வேண்டும்? தப்பிப்போன ஆமையின் படத்தை எந்தப் பத்திரிகையாவது போடுமா?

இதைவிட அதிசயம் ஒன்று உண்டு. ஆட்டம் ஆரம்பிக்குமுன் நாணயம் சுண்டுகிறார்கள். 1998 முதல் 2011 வரையில் 14 வருஷம் தொடர்ந்து நேஷனல் பிரிவுக் குழுவே சுண்டலில் ஜெயித்தது. அது 16,384ல் ஒரு வாய்ப்பு. குரங்கைவிட நூறு மடங்கு பெரிய அற்புதம்! ஆனாலும் நாணயத்துக்கு யாரும் ஞானதிருஷ்டி கற்பிக்கவில்லை. ஏனென்றால் நாணயத்துக்கு முகமில்லை, கதை கட்டிவிட ஆளில்லை.

படித்தவர்கள் சங்கதிக்கு வருவோம். லியனார்ட் காப்பெட் என்கிற பத்திரிகைக்காரர் 1978ல், பாதி வேடிக்கையாக, ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினார். பழைய சங்கத்தின் வழிவந்த குழு ஜெயித்த வருஷத்தில் பங்கு மார்க்கெட் ஏறுகிறது. 1960ல் ஆட ஆரம்பித்த புதுச் சங்கத்தின் வழிவந்த குழு ஜெயித்தால் இறங்குகிறது. அதுவரை ஒரு வருஷம்கூடத் தவறவில்லை! உடனே வேடிக்கை போய் விதியாகிவிட்டது. பந்துக்கும் பங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டியவர்களே அதை ஆண்டுதோறும் எடுத்துச் சொன்னார்கள். 1998லும் 1999லும் புதுச் சங்கத்து டென்வர் ஜெயித்தது. மார்க்கெட் இரண்டு வருஷமும் ஏறிற்று. 2008ல் பழைய சங்கத்து நியூயார்க் ஜயண்ட்ஸ் ஜெயித்தது. அந்த வருஷம் மார்க்கெட் மூன்றில் ஒரு பங்குக்குமேல் விழுந்து பாங்கிகள் கவிழ்ந்தன.

கம்ப்யூட்டருக்கும் இதே கதிதான். கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற ஒரு கம்பெனி 2015ல் நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24 என்று சொல்லிற்று. ஒரு புள்ளி பிசகாமல் அப்படியே நடந்தது. அதற்கு முந்தின வருஷம் அதே கம்பெனி டென்வர் என்று சொல்ல, சியாட்டில் 43-8 என்று அடித்து நொறுக்கிற்று. அடுத்த வருஷம் கரோலினா என்றது, டென்வர் ஜெயித்தது.

"அப்படியானால் ஒன்றுமே சொல்ல முடியாதா?" என்பீர்கள். சொல்லலாம். வருஷம் பூராவும் எந்தக் குழு எப்படி ஆடிற்று, பந்து எறிகிறவனுக்குத் தோளில் அடிபட்டிருக்கிறதா என்பதைப் பார்த்துப் பத்தில் ஏழு பங்கு இவர்களுக்கு என்று சொல்லலாம். அதற்குமேல் சொல்லுகிறவன் புளுகன். 1969ல் பால்டிமோர் 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் மதிப்புப் போட்டார்கள். நியூயார்க் ஜெட்ஸ் 16-7 என்று ஜெயித்தது. அந்தக் குழுவின் ஜோ நாமத், ஜெயிப்பது உறுதி என்று முன்னாலேயே சொன்னார் என்று இன்றைக்கும் மெச்சுகிறார்கள். உறுதி கூறித் தோற்றவர்கள் பேர் யாருக்கு ஞாபகம்?

இப்பொழுது கவனியுங்கள். துப்பு விற்பது என்று ஒரு தொழில் அங்கே உண்டு. அதில் ஒரு தந்திரம் செய்யலாம். 1,024 பேருக்குக் கடிதம் எழுது. பாதிப் பேருக்கு இந்தக் குழு ஜெயிக்கும் என்றும், மீதிப் பேருக்கு அந்தக் குழு ஜெயிக்கும் என்றும் எழுது. தப்பிப்போன 512 பேரை விட்டுவிடு. மற்றவர்களை அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி பாதியாக்கு. ஏழு ஆட்டம் ஆனதும் எட்டுப் பேர் மிஞ்சுவார்கள். அவர்கள் கண்ணுக்கு நீ தீர்க்கதரிசி! எட்டாவது துப்புக்கு என்ன விலை சொன்னாலும் கொடுப்பார்கள். உனக்கோ பந்தின் நிறம்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆகையால் ஒருவன் "நான் சொன்னது பலித்தது" என்றால், பலிக்காதவையும் சேர்ந்த நோட்டை எடு, ஆட்டத்துக்கு முன் தேதி போட்டு எழுதினதாக இருக்கட்டும் என்று கேளுங்கள். பத்தில் ஏழு என்று நூறு தடவை சொல்லி, அதில் எழுபதுக்குப் பக்கமாகப் பலித்திருந்தால் அவனுக்கு ஏதோ தெரியும்.

2018ல் அந்தத் தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டு பந்தயத்துக்கு இருந்த தடையைத் தள்ளிவிட்டது. இப்போது 30க்கு மேற்பட்ட மாகாணங்களில் பந்தயம் சட்டப்படி நடக்கிறது; பல மாகாணங்களில் தொழிலாளி சட்டைப்பையிலிருக்கும் டெலிபோனிலேயே கூலியைக் கட்டிவிடலாம். வழக்கமான பந்தயத்தில் 11 டாலர் வைத்தால் ஜெயித்தவனுக்கு லாபம் 10 டாலர். தோற்றவனுக்கு 11 டாலரும் போயிற்று. நூறு தடவை கட்டிச் சரிபாதி ஜெயித்தாலும் வருவது 500, போவது 550. நூற்றுக்கு 53 தடவை ஜெயித்தால்தான் கைமுதல் தேறும். துப்பு சொல்லி ஆளைப் பந்தயக் கம்பெனிக்கு அனுப்புகிறவர்களில் சிலருக்குக் கிடைக்கிற தரகு எப்படித் தெரியுமா? அனுப்பப்பட்டவன் தோற்கிற பணத்தில் இத்தனை பங்கு என்று ஒப்பந்தம்.