மணிக் கணக்கும் எண்ணிக்கைக் கூலியும்

பட்டாசு ஆலை உரிமையாளர்களே, போர்மேன்களே, வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்து அமர்ந்திருக்கும் சகோதரிகளே!

2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு!

மகிழ்ச்சிதான். ஆனால், மே தினம் கேட்ட அந்த எட்டு மணி நேர வேலைநாள் நம் சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் வந்து சேர்ந்ததா?

சட்டம் மணியைப் பார்க்கிறது. நம் ஊர்க் கூலியோ எண்ணிக்கையைப் பார்க்கிறது. பீஸ் ரேட்! எத்தனை குழாய்க்கு மருந்து செலுத்தினாய், எத்தனை வெடிக்குத் திரி வைத்தாய் என்பதுதான் கணக்கு. நிதானமாகச் செய்தால் வீட்டுச் செலவுக்குக் காணாது என்றால் கை வேகம் பிடிக்காமல் என்ன செய்யும்? உராய்ந்தாலே பற்றிக்கொள்ளும் மருந்துக்கு முன்னால் அந்த வேகம் ஆகுமா? 2012 செப்டம்பர் 5இல், முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் 30 பேருக்கு மேல் பறிகொடுத்த விருதுநகர் மாவட்டம் இது.

வேலையே நிற்கும் நாளும் உண்டு. 2018இல் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. உத்தரவு டெல்லியில், ஆலை பூட்டினால் அடுப்பு அணைவது இங்கே. எண்ணிக்கை இல்லாத நாளில் கூலியும் இல்லையே!

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எல்லோருக்கும் நியமனக் கடிதம், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி, பீஸ் ரேட்டுக்கும் குறைந்தபட்சக் கூலி என்கின்றன. நல்லது. ஆனால், உரிமையாளர் வேறொருவருக்கு உள்குத்தகைக்கு விட்ட அறையில் அந்தக் கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவார்?

“நிதானமாகச் செய்தால் தீபாவளி ஆர்டர் என்னாவது?” என்று முதலாளிமார் கேட்கலாம். பிள்ளைகளின் விரல் இல்லாமல் இந்தத் தொழிலே நடக்காது என்ற வாதமும் ஒரு காலத்தில் இருந்தது. 1996 டிசம்பர் 10இல் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், பிள்ளைகளை அந்த வேலையிலிருந்து விலக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சிவகாசி படுத்துவிட்டதா? நடந்துகொண்டுதானே இருக்கிறது!

ஆகவே கேட்கிறேன்: நிதானமான கை எட்டு மணி நேரத்தில் முடிக்கும் அளவை வைத்து பீஸ் ரேட்டை நிர்ணயியுங்கள். அதற்கே முழு நாள் கூலி கிடைக்கட்டும். உள்குத்தகையை ஒழியுங்கள். அரசு, நீதிமன்ற உத்தரவால் ஆலை நிற்கும் நாட்களுக்கு, அரசும் முதலாளியும் சேர்ந்து பாதிக் கூலியாவது கொடுங்கள். இந்த மூன்றும் நடந்தால்தான் எட்டு மணி நேரச் சட்டம் விருதுநகர் மாவட்டத்துக்கும் சட்டம்.